திறந்த குப்பி

அம்மா, முதலில் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் துன்ஹாவின் மலைக் குளிரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். நான் நலம்.

நேற்று இங்கே பெலேமில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. என் வினையூக்கித் தூளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் உண்டு. ஈரக்காற்று பட்டால் நொறுங்கிவிடும். மழை நேரத்தில் தோழி ஜான்டீரா அதை மூடி வைத்திருந்த குப்பியைத் திறந்துவிட்டாள்.

"ஐயோ, சும்மா எட்டித்தான் பாத்தேன்டி!" என்று அழுதாள்.

"விடுடி, அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்று சிரிக்க வைத்தேன்.

அந்தத் தூள் உலையில் காய்ந்துகொண்டிருந்ததால்தான் அப்பாவை அடக்கம் செய்தபின் நடந்த நவநாள் ஜெபத்துக்கு நான் வரவில்லை. வந்திருக்கலாம், அம்மா.

அப்பாவின் கம்பளிப் போர்வையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். யாரும் பிரிக்க வேண்டாம், அவர் வாசனை போய்விடும். நானும் பிரிக்க மாட்டேன்.

மழை வந்துவிட்டது, ஜன்னலைச் சாத்த ஓடுகிறேன்.

உங்கள் எடெல்மீரா