பறவைக் கோப்பு, ஒன்று

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதிக்கொள்வது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும், மன்னித்துக்கொள். போனில் பேசினால் பக்கத்து அறையில் உன் அப்பாவின் காது இருக்கிறது. அதுவுமில்லாமல் எனக்கு வாயைத் திறந்தால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், உனக்குத் தெரியாததா. மகள் என்று வேறு எழுதிவிட்டேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்றாலும் நமக்குள் பதினொரு வயதுதான் வித்தியாசம் என்பதால் எழுதும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு எப்படித்தான் ஆரம்பிப்பது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாமல் இருந்தால் இங்கே எனக்கு நிம்மதி.

நீ கேட்ட பறவை விஷயம்தான். கடைசியாக அதை எந்த இடத்தில் பார்த்தார்கள் என்று அரசாங்கத் தாள் ஏதாவது இருந்தால்தான் தேடிப்போக அனுமதி தருவார்கள், இல்லையென்றால் அழிந்துபோன பறவை என்று எழுதி மூடிவிடுவார்கள், உன் படிப்பும் அதோடு நின்றுவிடும் என்று நீ சொன்ன அன்றே மனு எழுதிப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் என்பதால் மீட்டர் மாற்றுவது முதல் சாக்கடை அடைப்பு வரை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனு எழுதிப் பழக்கம், அந்தத் தைரியம்தான். மனு முதலில் கால்நடைத் துறைக்குப் போயிருக்கிறது. கோழி, வாத்து தவிர மற்றவை தங்கள் வரம்பில் வராது என்று அவர்கள் அதை ஏரியைப் பார்த்துக்கொள்ளும் துறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஏரியில் தற்சமயம் தண்ணீர் இல்லை, எனவே பறவை குறித்த விவரமும் இல்லை என்று அங்கிருந்து பதில். அந்தப் பதில் வந்த அன்று நான் கடைக்குப் போயிருந்தேன், உறையைப் பிரித்தவர் உன் அப்பா.

குருவி பார்க்கிறதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டு உன்னை அழவைத்து அனுப்பிய மனிதர், என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றேன். அவர் பறவையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் மனுவின் நகலை எடுத்துவரச் சொல்லி, சிவப்பு மையில் அடித்துத் திருத்த ஆரம்பித்தார். "ஏம்மா பட்டதாரி, வரிக்கு வரி தயவுசெய்துன்னு எழுதி வச்சிருக்கியே. தயவு கேட்டா தயவுதான் கிடைக்கும், தாள் கிடைக்காது" என்றார். முப்பது வருஷம் வனத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் மனுவுக்கெல்லாம் இல்லை என்று எழுதியவர் அல்லவா, எந்த ஓட்டை வழியாகத் தப்பிப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துப் புது மனு எழுதினார். பிறகு சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தன் பழைய அலுவலகத்துக்கே என்னையும் கூட்டிப்போனார். மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சில் அவர் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லையாம். பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது, முன்பே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இப்போது அவருடைய நாற்காலியில் இருப்பவர் முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். டீ வாங்கிக் கொடுத்து, ஐயா ஐயா என்று உருகிவிட்டு, "கேட்டதுக்கு மட்டும்தான் பதில், கேட்காததுக்கு மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொல்லுவீங்க" என்று சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு அனுப்பினார்.  வீட்டுக்கு வந்ததும், நல்ல ஆள், வேலை தெரிந்தவன் என்று இவர் சொன்னார்.

அங்கே கொடுத்துவிட்டு வந்த மனுவுக்குப் பதில் தபாலில் வந்தது. பறவை பற்றி ஒரு கோப்பு இருந்தது உண்மைதானாம், வைத்திருக்கவேண்டிய காலம் முடிந்து அழித்துவிட்டார்களாம். அழிக்கச் சொன்ன உத்தரவைக் கொடு என்று அடுத்த மனுவைப் போட்டார் உன் அப்பா. அதுவும் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். உடைந்த நாற்காலி இரண்டு, காய்ந்த மைப்பெட்டி நான்கு, பறவைக் கோப்பு ஒன்று. உத்தரவு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, இந்தக் காலத்தில் யார் இப்படி எழுதுகிறார்கள் என்று மெச்சிக்கொண்டே தாளைத் திருப்பினார். அடியில் அவர் கையெழுத்து. நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது.

கொஞ்ச நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் குளிக்கிறார் என்று சொல்கிறேனே, அதற்குக் காரணம் இதுதான். போன் மணி அடித்தால் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரே வரவில்லை, அன்றும் குளித்தார். நான் கேட்டதற்கு, "அவ மூஞ்சில எப்படிம்மா முழிக்கிறது" என்று மட்டும் சொன்னார். இப்படி இருக்கும்போது போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே தானாக, அந்தப் பறவை பறக்காது, குனிந்தபடி ஓடும், பொழுது சாயும்போது மட்டும் கத்தும் என்று அந்தக் கோப்பில் வனக்காவலர் எழுதியிருந்தார் என்கிறார். அப்படியானால் கோப்பைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்துப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் அழிக்கக் கையெழுத்துப் போட்டதில்லையாம். செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள முட்புதர், எந்தப் பக்கத்து மேடு, அங்கே போக எந்தப் பாதை, உத்தரவைப் பார்த்த நாளிலிருந்து எல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்து மனதில் இருக்கிறதாம். அதை எழுதிக்கொடுங்கள், அங்கே போய்த் தேடட்டும் என்றால் முடியாது என்கிறார். "தாளில் இருந்தா ஆவணம். என் தலையில் இருந்தா அது கதை. கதையை வச்சு என் பொண்ணை ஊர் சிரிக்க விடமாட்டேன்." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார், கோப்பைப் படித்தவர் கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலம் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்மேல் கோபப்படாதே. கோபம் வந்தால் என்னிடம் கொட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, அறைக்கதவை இரண்டு தரம் பார்த்துப் பூட்டு, மூக்குக்கண்ணாடியின் உடைந்த காம்புக்கு நூல் சுற்றிக்கொண்டு திரியாமல் புதிது மாற்று. நீ தேடுவது உன் கண்ணில் படவேண்டும், நீ நன்றாக இருக்கவேண்டும், வேறென்ன.

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது ஒன்று கேட்கத்தான். நீ உன் அப்பாவுக்கு ஒரு மனு போடு. விளையாட்டில்லை. பேசச் சொன்னால் பேசமாட்டார், ஆனால் முறையாக வந்த மனுவுக்கு அவர் காலம் தவறிப் பதில் எழுதியதே இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, பறவைக் கோப்பில் தாங்கள் படித்தது என்ன என்று வரிசை எண் கொடுத்துக் கேள். பாசமாக மட்டும் எதுவும் எழுதிவிடாதே. அதைப் பார்த்தால் மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், பதில் எழுத ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உன் சித்தி