இரண்டு மடங்கு தூரம்

கொரின்,

நேரில் பேசினால் அறைந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்ரே கருவியை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் கதிரின் அளவை நான்கு மடங்காக்க வேண்டும். இன்று மருத்துவமனைப் பயிற்சியில் நீ இரண்டு மடங்குதான் வைத்தாய். படம் தேறவில்லை. இடுப்பெலும்பு உடைந்த அந்தப் பெரியவரை மறுபடியும் புரட்டினோம். அவர் போட்ட அலறல் உனக்குக் கேட்டதா, இல்லையா?

ஆசிரியை ஹெக்லண்ட் கேட்டதும், "அக்காதான் வச்சா, மேடம்" என்றாய். தங்கையாயிற்றே என்று நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, "விடுக்கா, அடுத்த வருஷம் சேத்துக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே மீன் வறுவல் தின்றாய்.

நாளை உன்னைக் காரில் ஏற்ற மாட்டேன். இந்த டலூத் ஊர்ப் பனியில் பஸ்ஸுக்கு நில். முதலில் பெரியவரிடம் மன்னிப்புக் கேள். அப்புறம் ஹெக்லண்டிடம் உண்மையைச் சொல். நீ சொல்லாவிட்டால் நானே சொல்வேன். அதன் பிறகு எனக்குத் தங்கை கிடையாது.

இப்போதைக்கு,
உன் அக்கா