பால்கோவா டப்பாவில் வெட்டிய ஆறில் ஒன்று

ஏட்டி,

இன்று காலை கணக்கு அறையில் புதுப் பெட்டியைப் பிரித்தோம். மூடியைத் திறந்ததும் குப்பென்று பெயின்ட் வாசம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு டீச்சர் பயந்துபோய், "என்னக்கா, எதுவும் தப்பா செஞ்சிட்டேனா?" என்றாள். "இல்லம்மா, ஒருத்தி நினைப்பு வந்திருச்சு" என்றேன். சொல்லும்போதே கண்ணும் கலங்கிவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் உன்னைத் தேடத்தான் செய்கிறது.

முதல் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் ராஜபாளையத்திலிருந்தும் நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் கிளம்பி, கிருஷ்ணன்கோவிலில் சந்தித்து, வத்திராயிருப்பு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவோம். கணக்குக்கு நாம் இரண்டு பேர். கரும்பலகையும் சாக்பீஸும்தான் சொத்து. கிராமத்துப் பள்ளிகளில் கணக்கை வளர்க்க ஓர் அறக்கட்டளை மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, எழுதிப் போட்டதே நீதான். பின்னம் சொல்லித்தரத் துண்டு துண்டாகப் பிரியும் வட்டுகள், கனசதுரக் கட்டைகள், தராசு, ரப்பர் வளையம் மாட்டும் ஆணிப்பலகை என்று எல்லாம் வந்து இறங்கியது. முதல் வருடம் நன்றாக நடந்தால் மறு வருடமும் மானியம் உண்டு, அதில் பத்தாம் வகுப்புக்கு வடிவியல் சாமான்கள் வரும் என்றார்கள்.

அந்தப் பத்தாம் வகுப்புதான் நம் கவலை. கான்சாபுரத்து முத்துமாரி அப்போது ஒன்பதாவது. "கணக்கு வரல மிஸ், நான் மில்லுக்குப் போறேன்" என்று வாரத்துக்கு ஒரு முறை அழுவாள். தராசும் வட்டும் கையில் கிடைத்த பிறகுதான் அழுகை நின்றது. "வடிவியலும் இப்படிக் கையில தொட்டுப் பார்க்கலாமா மிஸ்?" என்று கேட்டாள். நீ யோசிக்காமல், "கண்டிப்பா வரும்ட்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். அவள் அதை நம்பித்தான் மில் பேச்சை விட்டாள்.

ஒரு வருடத்தில் பிள்ளைகள் அந்தச் சாமான்களைப் படுத்திய பாடு! ரப்பர் வளையத்தை ஆடு தின்றது. தராசின் ஒரு தட்டு நெளிந்து போனது. ஆறில் ஒரு பங்குத் துண்டு ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள், நீ வாங்கி வந்த பால்கோவாவை எல்லாரும் தின்றுகொண்டிருந்தோம். வகுப்பு தொடங்க வேண்டிய அவசரம். டப்பா அட்டையை எடுத்து, கையைக்கூடத் துடைக்காமல் நறுக்கென்று ஒரு துண்டு வெட்டி வட்டத்தில் வைத்தாய். நீ, கை துடைக்காமல்! பஸ் சீட்டைக்கூட முந்தானையால் தட்டிவிட்டு உட்காருகிறவள்.

பொறவு அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், உனக்குச் சாமி வந்தது போல ஆகிவிட்டது. "வாறவுக முன்னாடி இப்படி அழுக்கா வச்சிருந்தா நம்மள என்ன நினைப்பாக?" கிறிஸ்துமசுக்கு வீட்டைக் கழுவுவாயே, அதே வேகம். தராசைப் புளி போட்டுத் தேய்த்தாய். உடைந்த துண்டுகளுக்குப் பதில் ஆசாரியிடம் புதிதாகச் செய்து வாங்கினாய். உன் தம்பியைக் கூட்டி வந்து எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தாய். கடைசியில் புது பிளாஸ்டிக் உறை வேறு. உடைசல் எல்லாம் உரச்சாக்கில் கட்டி, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டது. "எதுக்குட்டி இம்புட்டு?" என்று கேட்டேன். "ஒங்க ஊர்க்காரிகளுக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியுமா?" என்று ஒரு வெட்டு வெட்டினாய். ராஜபாளையத்தையே இழுத்துவிட்டதால் நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன்.

வந்த அம்மா அலமாரியைத் திறந்தார். உறையைத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஒரு வருஷமா கவரையே பிரிக்கலையா?"

நம் தலைமையாசிரியர் சும்மா இருந்திருக்கலாம். பாராட்டுகிறார் என்று நினைத்து, "ஆமா மேடம், பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்!" என்றார் பெருமையாக.

"நிறைய ஸ்கூல்ல இப்படித்தான் பூட்டி வச்சிடறாங்க. தொடாத சாமானுக்கு மேல இன்னொரு பெட்டி எதுக்குங்க?" என்று அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் நின்ற முத்துமாரி உன்னைப் பார்த்தாள். நீ அவளைப் பார்த்தாய். உன் முகம் சுருங்கியதை நான் கண்டேன்.

அடுத்து நீ செய்ததைத்தான் இன்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விறுவிறுவென்று ஷெட்டுக்குப் போனாய். உரச்சாக்கை நீயே இழுத்து வந்தாய். இஸ்திரி போட்ட சேலை முழுக்கப் புழுதி. "அழுக்கா இருக்கு மேடம், மன்னிச்சுக்கோங்க. ஆனா இதான் நெசம்" என்று அவர் காலடியில் அப்படியே கொட்டினாய். கடித்த கட்டை, பிய்ந்த வளையம், மை அப்பிய வட்டு எல்லாம் தரையில் உருண்டன.

அவர் குனிந்து அந்த அட்டைத் துண்டை எடுத்தார். "இது என்ன?"

முத்துமாரி முந்திக்கொண்டாள். "ஆறுல ஒண்ணு மேடம். பால்கோவா டப்பால மிஸ் வெட்டுனாக. ஆனா செத்த பெருசா வெட்டிட்டாக. இதை மாதிரி ஆறு துண்டு வச்சா ஒண்ணுக்கு மேல போயிரும், வட்டத்துக்குள்ள அடங்காது. வேணும்னா வச்சுக் காட்டவா?"

கணக்கு டீச்சரின் மானம் சபையில் போயிற்று. முதலில் சிரித்தவள் நீதான். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. மறு வருட மானியமும் வந்தது, வடிவியலும் வந்தது. முத்துமாரி இப்போது காலேஜ் பஸ்ஸில் போகிறாள். கிருஷ்ணன்கோவிலில் என்னைக் கண்டால் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கை காட்டுகிறாள். விழுந்து தொலையப் போகிறாள்.

நாளை அறக்கட்டளையிலிருந்து மறுபடியும் பார்வையிட வருகிறார்கள். பிள்ளைகள், "பழசையெல்லாம் கழுவிருவோமா மிஸ்?" என்று வாளியோடு வந்து நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, உன் உரச்சாக்கை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். புதுப் பெட்டியின் உறைகளை அவர்களே கிழித்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு வட்டில் கீறல் விழுந்தாயிற்று.

அந்த அட்டைத் துண்டு மட்டும் சாக்கில் இல்லை. என் கைப்பையில் இருக்கிறது. ஓரத்தில் உன் கட்டைவிரல் பட்ட நெய்த்தடம் இன்னும் தெரிகிறது. நீ இருந்திருந்தால் முதல் வேலையாக அதைத் துடைத்திருப்பாய். நான் துடைக்க மாட்டேன்ட்டி.