எல்லாவற்றுக்கும் ‘ஆம்’

2007 ஆகஸ்ட் 12
பழுதான கணினி வட்டைச் சோதித்துச் சீர்செய்யும் நிரலை மீண்டும் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணினி விரிவுரையாளரான எனக்கு, முகமறியாத இளைஞர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் வேலை. ஊதியமில்லை, எனவே மேலதிகாரியும் இல்லை. இந்த நிரலின் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரியாத கோப்பைக் கண்டால் ‘நீக்கவா?’ என்று கேட்கிறது. ‘ஆம்’ என்றால் போனது போனதுதான். வட்டு ஒழுங்காகிவிடும். உள்ளே இருந்தவை என்னவாயின என்ற கவலை அதற்கில்லை.

ஆகஸ்ட் 15
அடுத்த வீட்டு நூர்ஜஹான் ஒரு வட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஜூன் மாதம் ஆயர் குரோ பக்கம் நடந்த சாலை விபத்தில் இறந்த அவள் மகன் யூசுப்பினுடையது. நேற்று மின்சாரம் போய் வந்தபின் திறக்க மறுக்கிறது.
“அவன் பாடுனதெல்லாம் இதுலதான். குரல் வேற எங்கயும் இல்லக்கா.”
திருத்துமுன் முழு நகல் எடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய வட்டு என்னிடம் இல்லை. புதிதாகக் கேட்டிருக்கிறேன், திங்களன்று வருமாம்.

ஆகஸ்ட் 18
அவள் கணவர் அலாவுதீன் வந்தார்.
“என்ன டீச்சர், டிஸ்க்குக்குப் பாடமா எடுக்கிறீங்க? சீக்கிரம் பண்ணுங்கலா!”
“பொறுங்க பாய். உங்க கடைச் சரக்கா, அள்ளிக் கட்டிக் குடுக்க?”
சிரிக்கவில்லை. வட்டைத் திருப்பிக் கேட்டார். அவர் மகனுடையது. கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20
பண்டார் ஹிலிர் பகுதியில் ஏதோ ஒரு கணினிக் கடையில் அலாவுதீன் வட்டைக் கொடுத்திருக்கிறார். கடைக்காரன் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ அழுத்தி, போதாததற்குப் புதிய இயங்குதளத்தையும் மேலே நிறுவித் தந்திருக்கிறான். ‘இப்ப க்ளீனா இருக்கு’ என்றானாம். நூர்ஜஹான் கொண்டுவந்தாள், பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது.
நான் கேட்ட புது வட்டும் இன்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 21
என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி குடுத்தே? — படிச்சவளாம்.

ஆகஸ்ட் 31
இந்நாட்டுச் சுதந்திரத்துக்கு இன்று ஐம்பது வயது, தெருவெல்லாம் கொடி. நிரலை மாற்றி முடித்தேன். இனி அது எதை அழிக்குமுன்னும் அதன் பிரதியை வேறொரு வட்டில் ஒதுக்கி வைக்கும். வேண்டுமானால் பழைய நிலைக்கே திருப்பலாம். ஒதுக்க இடமில்லையென்றால் வேலை செய்யாது. வேகம் குறைகிறது என்று ஜெர்மனிப் பையன் ஒருவன் எழுதினான். குறையட்டும் என்றேன்.

செப்டம்பர் 9
நூர்ஜஹான் வந்தாள்.
“அவங்க சோத்துல கைய வச்சே நாளாச்சுக்கா. ‘என் கையாலயே அழிச்சிட்டேன்’னு பொலம்புறாங்க. அந்தப் பாட்டெல்லாம் முன்னாலயே போயிடுச்சுன்னு நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”
“போகல, நூர்ஜஹான்.”
“தெரியும்க்கா.”

செப்டம்பர் 10
போய்ச் சொன்னேன்.
“நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே அதுல ஒண்ணும் மிஞ்சல, பாய். நான் சோதிச்சுட்டேன்.”
“நெசமாவா டீச்சர்?”
“இதையே காலமெல்லாம் சொல்லிக் குடுத்தவ. எனக்குத் தெரியாதா?”
எழுந்தார்.
“அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல? எங்கள நம்ப வச்சு வேடிக்கை பாத்தீங்களா?”
வீடு திரும்பினேன்.

செப்டம்பர் 16
நோன்பு தொடங்கிவிட்டது. தெருவில் அலாவுதீன் என்னைக் கண்டு எதிர்ப்பக்கம் போனார். நோன்பு திறக்கையில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடிக்கிறாராம். நூர்ஜஹான் வேலியோரமாக வந்து, மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.