அரிவாள்களை ஏலம் எடுத்தவருக்கு

கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தோன்றும் அப்பாவுக்கு,

கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா தலைசாய்ந்துவிட்டது. கூலிப் பேச்சு இந்த வருஷமும் முடியவில்லை. லாரியில் போலீஸ் வந்து இறங்கியிருக்கிறது. நீங்கள் இல்லாமலும் எல்லாம் நடக்கிறது.

நான் இப்போது உங்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மண்டபச் சுவரில் பழைய முதல்வர்களின் படங்கள். எல்லோரும் உங்களைப் போல் போதகர்கள். உங்களுக்கு முந்தியவர் இருக்கிறார், பிந்தியவரும் இருக்கிறார். உங்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, மற்றப் படங்களை நகர்த்தி அந்த இடத்தை மூடிவிட்டார்கள்.

வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் நீங்கள் கண்ணை மூடியிருக்கிறீர்கள். மூக்குக்கண்ணாடி நினைவிருக்கிறது. அதற்குப் பின்னால் கண்கள் எப்படி இருந்தன, அப்பா?

அமெரிக்காவில் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தை நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு போதகர் நடத்தினாராம். காலையில் ஜெபம், பகலில் நிர்வாகம், சாகும்வரை அதே நாற்காலி. அவருடைய வாழ்க்கையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். வேலை போன பிறகும் சொன்னீர்கள், சிரித்துக்கொண்டே: "அந்த மனுஷனுக்கு அறுப்புப் பண்டிகை ஏலம் கிடையாது. தப்பிச்சுட்டார்."

அந்த ஏலம். உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்புப் பண்டிகையன்று சபையார் நெல், பூசணி, கோழி என்று விளைந்ததைப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுவது நீங்கள்.

அந்த வருஷம் கூலி கூட்டிக் கேட்டார்கள் என்று மிராசுதார் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். வேலையில்லாமல் நின்ற நம் சபை ஜனங்களுக்குப் படைக்க எதுவும் இல்லை. அரிவாள்களைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்கள். ஜெபித்துத் திருப்பித் தருவீர்கள் என்று நினைத்தார்கள். பீடத்தில் வைத்தது எதுவானாலும் ஏலத்துக்குப் போகும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மிராசுதாரின் காரியஸ்தருக்கு உறைத்தது. மிராசுதார் கல்லூரிக் குழுவின் தலைவரும்கூட.

"அரிவாள் மொத்தத்தையும் நான் கேக்குறேன், ஐயா. தரம் சொல்லுங்க."

"எல்லாத்தையும் வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"என்னமோ பண்றேன். வாய்க்கால்ல கூடப் போடுவேன். ஏலம்னா ஏலம்தானே?"

அவர் ஒரு தொகை சொன்னார். நீங்கள் ஒரு தரம் சொன்னீர்கள். இரண்டாம் தரமும் சொன்னீர்கள். பிறகு, "என் அடுத்த மாசச் சம்பளம்."

"ஏலம் விடுறவரே கேக்கலாமா?"

"நானும் சபையில ஒருத்தன்தான்."

அவர் ஏற்றினார். "அதுக்கு அடுத்த மாசமும்" என்றீர்கள். பின்வரிசையில் செல்லம்மா அக்கா கத்தினார்: "ஐயா, வீட்டுல அம்மாவக் கேட்டுட்டுச் சொல்லுங்க!" சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மூன்றாம் தரம் முடிந்தது. அரிவாள்கள் அவரவர் கைக்குத் திரும்பின.

அடுத்த மாதம் சம்பளமே இல்லை. உங்களைச் சிவப்புக் கொடிக்காரர் என்று வெளியேற்றினார்கள். அம்மாவின் கழுத்துச் சங்கிலிதான் ஏலப் பணத்தை அடைத்தது.

போன வாரம் கல்லூரிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"சார் படத்தைத் திரும்ப மாட்டிடலாம்மா. குழுவுல பேசிட்டேன். சபையில நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு சார் நிலைமையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்னு."

சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் உங்கள் முகத்தைத் தாண்டி வகுப்புக்குப் போகலாம். அது எனக்குப் போதும்.

"தப்பா ஒண்ணும் புரிஞ்சுக்கலைங்க. நல்லாப் புரிஞ்சுதான் கேட்டார். என் கழுத்தையும் பாத்துட்டுத்தான் கேட்டார்."

செயலாளர் காபியைத் தொடாமல் எழுந்து போனார். நான் அம்மாவோடு சண்டை போட்டேன். "ஒரு வார்த்தைதானேம்மா?" அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. எனக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று?

படத்தை இனிக் கேட்க மாட்டேன், அப்பா. நாளைக்கு வகுப்பை மண்டபத்துக்கு அழைத்துப் போவேன். முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் நடுவில், சுவரில் கையை வைத்து, இங்கே ஒருவர் இருந்தார் என்று தொடங்குவேன். அவர் கண்கள் எப்படி இருந்தன என்று பிள்ளைகள் கேட்டால், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.

கண் மூடிய படத்தோடு வீட்டில் இருக்கும்
உங்கள் மகள்,
எஸ்தர்