ஈயம் உருக்கிய அடுப்பு

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம், பாய், சோற்றுக் கோப்பை எல்லாம் மணல். இவர் கடலுக்குப் போகவில்லை. கரையோரக் களப்பில் வீச்சு வலை மட்டும்.

ரஞ்சி அக்காவின் புது வலைக்கு ஈயக் குண்டு பாதி ஊற்றி முடிந்தது. மிச்சத்துக்குப் பழைய வாகனப் பற்றரி இன்னும் இரண்டு உடைக்க வேண்டும்.

நிலுவுக்குத் திரும்பவும் வயிற்றுக்குத்து. இது மூன்றாவது கிழமை. பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று, ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. இன்றைக்கு இரண்டு வாய் சோறு, அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளை, முகம் வெளிறி, மத்தியானமும் சுருண்டு படுக்கிறாள். ரீச்சர் சொன்னது: "வகுப்பிலயும் நித்திரை கொள்ளுறா, அம்மா."

நாளைக்கு ஆஸ்பத்திரி. வலை கிடக்கட்டும்.

ஓகஸ்ட் 6, புதன்

முதல் பஸ். வரிசையில் மூன்று மணித்தியாலம். நிலு என் மடியில்.

டொக்டர் அம்மா வயிற்றை அமத்திப் பார்த்தா, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. பிறகு தலை நிமிராமல், "வீட்டில என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"இவர் தொழிலுக்குப் போறவர். நான் வலை கட்டுறனான். ஈயம் உருக்கிக் குண்டும் ஊத்துவன்."

எழுதுவதை நிறுத்தினா. "ஈயம் எங்கால?"

"பழைய பற்றரி உடைச்சு எடுப்பன்."

"எங்க வைச்சு உருக்கிறனீங்கள்?"

"குசினிக்குப் பின்னால, அடுப்பில."

"பிள்ளை எங்க விளையாடுறவா?"

நிலுவே சொன்னாள்: "அம்மாவுக்குப் பக்கத்தில."

இரத்தம் எடுத்தார்கள். கொழும்புக்கு அனுப்பித்தான் பார்ப்பார்களாம். டொக்டர் அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகம். "ஈயப் புகையும் தூசும் பிள்ளையின்ர இரத்தத்துக்குள்ள போகும். மறுமொழி வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. இண்டைக்கே உருக்கிறதை விடுங்கோ" என்று மட்டும் சொன்னா.

விட்டாயிற்று.

ஓகஸ்ட் 7, வியாழன்

இவருக்குச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "நான் பிறந்ததில இருந்து ஈயத்தோடதான் நிக்கிறன். எனக்கென்ன நடந்தது?" என்றார்.

"உங்கட இரத்தத்தை ஆர் எடுத்துப் பாத்தவை?"

எழும்பிப் போய்விட்டார்.

வளவைச் சுற்றிப் பார்த்து எழுதியது:

உடைத்த பற்றரிப் பெட்டி நாலு. உடைக்காதது இரண்டு.
ஈயத் தகடு, உரப் பையில் அரைவாசி.
உருக்கும் சட்டி, அகப்பை, அச்சு.
அடுப்பைச் சுற்றிக் கறுத்த மண்.
அடுப்புச் சாம்பல். இந்தச் சாம்பலில்தான் சோற்றுப் பானை தேய்ப்பது. எத்தனை வருடம்!
கற்பூரவள்ளி. வெட்டிய பற்றரிப் பெட்டிக்குள் மண் நிரப்பி நட்டது நான். நிலுவுக்குச் சளி பிடித்தால் அதன் இலையைப் பிழிந்து...

பேனையை வைத்துவிட்டுப் போய் அதை வேரோடு பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை எங்கே போடுவது? மற்றதையெல்லாம் எங்கே போடுவது?

ஓகஸ்ட் 8, வெள்ளி

குப்பை எடுக்கிற கந்தோருக்குப் போன். "பற்றரி எடுக்கிறேல்லை அக்கா. பொலித்தீன், போத்தில் எண்டா வையுங்கோ." உடைத்த பற்றரிக்கு யாரைக் கேட்பது? "தெரியாது அக்கா." மூன்றாம் தரம் எடுத்தபோது சுகாதாரப் பரிசோதகரின் நம்பர் தந்தார்கள். திங்கள் வருகிறாராம்.

இவர்: "களப்பில கொண்டுபோய்த் தாட்டுவிட்டா முடிஞ்சுது."

"அந்த இறாலைத்தானே பிறகு பிள்ளைக்கு அவிச்சுக் குடுப்பம்?"

பின்னேரம் ரஞ்சி அக்கா வலை கேட்டு வந்தா. விஷயத்தைச் சொன்னேன். உச்சுக் கொட்டினா, நிலுவின் தலையைத் தடவினா. பிறகு, "நீ உருக்காட்டி விடு. அந்த ஈயப் பையைத் தா, நான் என்ர வீட்டில உருக்கிறன். வலை சும்மா கிடக்குது."

"தரமாட்டன் அக்கா."

"ஏனடி, தங்கமே வைச்சிருக்கிறாய்?"

"உங்கட மருமகள் அஞ்சு மாசம். அந்தப் புகை அவவுக்கும் கூடாது."

"அவளின்ர வயித்தை நீ ஏன் இழுக்கிறாய்?" படலையைச் சாத்தாமலே போனா.

பத்து வருடப் பழக்கம். பையைத் தூக்கிக் கொடுத்திருந்தால் வளவும் துப்புரவாகியிருக்கும், அக்காவும் சிரித்துக்கொண்டு போயிருப்பா. கொடுக்கவில்லை. நாளைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்

பரிசோதகர் வந்தார். இளம் பெடியன், மோட்டார் சைக்கிள். அடுப்படியில் குந்தி மண்ணை ஒரு தடியால் கிளறிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுபோனார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதியது: காய்ந்த மண்ணைக் கூட்டக் கூடாது. நனைத்து அள்ளு. எரிக்கவே கூடாது. மண்ணுக்குள் தாட்டால் மழையோடு கிணற்றுக்கு வரும். உடைத்த பெட்டிகளில் அசிட் இருக்கும், தகரத்தில் வைக்காதே, மூடி உள்ள பிளாஸ்ரிக் வாளி. கையுறை. வாயும் மூக்கும் மூடி. வேலை முடிந்தால் குளித்த பிறகுதான் வீட்டுக்குள். அந்த உடுப்பைத் தனியாகத் தோய்.

"சட்டி, அகப்பை?"

"அதுகளும் வாளிக்குள்ளதான் அக்கா. தேய்ச்சுக் கழுவிப் பாவிக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ."

ஈயத்தையும் பெட்டிகளையும் பற்றரி விற்கிற கடையில் கேட்டுப் பார்க்கட்டாம். பழையதைத் திருப்பி எடுத்துக் கம்பனிக்கு அனுப்புகிறவர்கள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

பற்றரிக் கடை. முதலாளி: "முழுசா இருக்கிறதை எடுப்பன் தங்கச்சி. உடைச்சதைக் கம்பனி எடாது."

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

"எடாது எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப கம்பனி நம்பரைத் தாங்கோ. நான் கேக்கிறன்."

கதிரை தந்தார். இருக்கவில்லை. மேசைக்கு முன்னால் நின்றேன். இரண்டு பேர் வந்து சாமான் வாங்கிப் போனார்கள். கடைசியில் அவரே போனை எடுத்தார். ஓம் ஓம் என்று கொஞ்ச நேரம். வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடின வாளியில, மேல எழுதி ஒட்டிக் கொண்டு வந்தா எடுப்பினமாம். லொறி சனிக்கிழமை வருது."

சனிக்கிழமை! இடையில் மூன்று நாள்.

வாங்கியது: மூடி வாளி 3, கையுறை 2 சோடி, சவர்க்காரம். நிலுவுக்குப் பால்மா. முருங்கையிலை வீட்டில் உண்டு.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். ஒழுங்கையில் பாதிப் பேர் மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அதனால்தான் இந்த நாள். காலைப் பூசை முடிந்ததும் நிலுவைத் தங்கச்சி வீட்டில் விட்டேன்.

நான் கையுறை போட்டுக்கொண்டு போக, இவர் அடுப்படியில் மண்வெட்டியோடு. கூப்பிடவில்லை, கேட்கவில்லை. தானாக வந்து நிற்கிறார். வாயில் துவாய் கட்டியிருந்தார்.

"நீ தள்ளி நில். பிள்ளை உன்னோடதானே படுக்கிறவள்."

நான் தண்ணீர் தெளித்தேன், அவர் வெட்டி அள்ளினார். அடுப்பும் போயிற்று. ஒரு முழ ஆழத்துக்குக் கறுப்பு. வாளிகளில் ஈயம், பெட்டி, சட்டி, அச்சு. மண்ணும் சாம்பலும் பிடுங்கிய கற்பூரவள்ளியும் இரண்டு பிளாஸ்ரிக் பரல் பீப்பாய்களுக்குள். பரல்களை எங்கே கொண்டுபோவது என்று இன்னும் பரிசோதகருக்கே தெரியாது, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம். அதுவரை கொட்டிலுக்குள், மூடி கட்டி, சிவப்பு மையால் "ஈயம். தொடாதே."

இவர் வெளியில் நின்று மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்தார். தலை துடைக்கும்போது, "வலி எண்டு அழேக்க பள்ளிக்குப் போகக் கள்ளம் எண்டு ஏசினனான்" என்றார்.

நானும்தான் அவளை ஏசினேன்.

ஓகஸ்ட் 16, சனி

லொறி வந்தது. கையெழுத்து வைத்து வாளி மூன்றும் முழுப் பற்றரி இரண்டும் ஏற்றியாயிற்று. முதலாளி: "உடைச்சது வைச்சிருக்கிற வேற ஆக்களையும் வரச் சொல்லுங்கோ."

ஓகஸ்ட் 18, திங்கள்

மறுமொழி. இரத்தத்தில் ஈயம் கூட. மிகவும் கூட. ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைக்கத் தேவையில்லை, ஆனால் இனி ஒரு துளியும் போகக் கூடாது. இரும்புச்சத்து மருந்து. அடுத்த மாதம் திரும்பவும் இரத்தம்.

"மூளைக்கு ஏதும்...?" என்று கேட்டேன். டொக்டர் அம்மா பொய் சொல்லவில்லை. "பாத்துக்கொண்டுதான் இருக்க வேணும். ஆனா நேரத்தோட வந்திட்டீங்கள்."

நேரத்தோடா? பஸ்ஸில் முழுக்க இதே கேள்வி.

வீட்டு நிலம் ஈரத் துணியால் துடைப்பு, தினம் இரண்டு தரம். சாப்பிட முன் கை, நகம். இனி வலை பின்னுவது மட்டும். வலை கட்டத் தருகிறவர்களைக் குண்டைக் கடையில் வாங்கி வரச் சொல்வேன். வராதவர் வராமல் போகட்டும்.

செப்ரெம்பர் 25, வியாழன்

புழுக்கம். மழை இன்னும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பிழை இல்லை என்று போன கிழமையே சொல்லிவிட்டார்கள்.

இரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது! இல்லாமல் போகவில்லை, குறைந்திருக்கிறது. டொக்டர் அம்மா முதலில் சிரித்தா, பிறகு சொன்னா: "மூண்டு மாசத்தில திரும்பக் கொண்டு வாங்கோ. பாலை நிப்பாட்டாதேங்கோ." நிலு பஸ் ஸ்ராண்டில் ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டு, மூன்றாவதும் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

பின்னேரம் படலையடியில் ரஞ்சி அக்கா. உள்ளே வரவில்லை. ஏழு கிழமையாகக் கதை இல்லை. "நிலுவுக்கு எப்பிடி?" என்றா. சொன்னேன். தலையாட்டினா. போகவும் இல்லை.

"நான் வேற இடத்தில பற்றரி எடுத்து ரெண்டு தரம் உருக்கினனான்." குரல் இறங்கிப்போய். "மருமகள் பக்கத்தில இருந்துதான் வலை பின்னினவள். அவளின்ர இரத்தமும் பாக்க ஏலுமே?"

சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"நாளைக்கு முதல் பஸ். அவவின்ர கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கோ, நானும் வாறன்."

"டொக்டரிட்ட என்னெண்டு சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. ஏசமாட்டா."

உடைத்த பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். கிணற்றடியில் என்றா. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த இவர் எழும்பிக் கையுறையை எடுத்தார்.