அம்மாவின் கணினிக்கு ஒரு லினக்ஸ்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

உன் கம்ப்யூட்டர் மறுபடி ஓடுகிறது. நீ எழுதியது மட்டும் அதில் இல்லை. எப்படிச் சொல்வேன்?

கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்தே என்னை ஆளாக்கினாய். அப்பா ஏன் நம்மை விட்டுப் போனார் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? "வாயால சொல்ல வராதுடி. அடிச்சு வைக்கிறேன், நான் போனப்பறம் படிச்சுக்க" என்றாய். படுக்கையில் விழும்வரை அடித்தாய். நீ போன பிறகு அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதில் பழைய விண்டோஸே படுத்துவிட்டது.

புது விண்டோஸ் இந்தக் கிழட்டுப் பெட்டியில் ஏறாது, இலவச லினக்ஸ் போடுங்கள் என்றான், கீழ ராஜ வீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சேகர். நீ இருந்தால், "ஓசியில வாரது ஒழுங்கா இருக்குமாடி?" என்றிருப்பாய். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். நான் பார்த்தேன். அதில்தான் எத்தனை வகை! பகட்டாக இருந்த வகை இந்தப் பெட்டியில் மூச்சு வாங்கியது. பார்க்கச் சுமாராக, இந்தப் பெட்டி தாங்குகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்றுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்று சேகர் சொல்லியிருந்தான். ஓட்டினேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு உன் கோப்பைத் திறந்தேன்.

முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். தேடினாலும் ஒரு தமிழ்ச் சொல் இல்லை.

"சேகரு, வைரஸ் புகுந்து அம்மா எழுதுனதெல்லாம் கெட்டுப்போச்சு" என்று போனில் அழுதேன்.

"அப்பப் பழசு எதையும் வைக்காதீங்கக்கா. மொத்தத்தையும் அழிச்சுட்டுப் போடுங்க."

அழித்தேன் அம்மா. நிச்சயமாகவா என்று அது கேட்கத்தான் செய்தது. ஆம் என்றேன்.

மறுநாள் கடைக்குப் போய், அழிப்பதற்கு முன் அந்தத் திரையைப் போனில் எடுத்து வைத்திருந்த ஒரே படத்தைக் காட்டி, "இதுதான் அந்த வைரஸ்" என்றேன். சேகர் முகம் செத்துப்போனது.

"அக்கா, இது வைரஸ் இல்லக்கா. அம்மா பழைய ஃபான்ட்டுல அடிச்சிருக்காங்க. அது லினக்ஸ்ல இல்ல, அதான் இப்படித் தெரியுது. ஃபான்ட்டப் போட்டிருந்தா தமிழாவே வந்திருக்கும்."

மனு அடித்தவள் மகளுக்கு இது தெரிய வேண்டாமா? எம்.ஏ. படித்த முட்டாள் நான். அழித்ததை மீட்க முடியுமா என்று சேகர் இரண்டு நாள் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, "மேல புதுசு ஏறிருச்சுக்கா, ஒண்ணும் தேறல" என்று திருப்பிக் கொடுத்தான்.

மிஞ்சியது அந்தப் படம்தான். அதில் இருந்த எழுத்துகளை அப்படியே அடித்து, பழைய ஃபான்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தான். பாதிக்கு மேல் ஊரும் தேதியும்தான், மனுவில் போடுவாயே அப்படி. பிறகு எனக்கு எழுதியிருந்தாய். "தேனு, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உன் அப்பா மேல் தப்பு" என்பதோடு திரை முடிந்துவிட்டது.

இல்லை என்றாயா? உண்டு என்றாயா? நம் மொழியில் அது கடைசியில்தானே வரும். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இனி யாரைக் கேட்பது?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன் அம்மா. அந்தச் சொல்லை நானாகப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

உன் ஒரே மகள்,
தேன்மொழி